பத்திரிகை நின்றது, கதை ஓடியது: பொன்னியின் செல்வனுக்குக் கிடைத்த ஆயுள் ஓடிடி கதைகளுக்குக் கிடைக்குமா?

2020 கொரோனா ஊரடங்கில் கல்கி வார இதழ் அச்சிடுவதை நிறுத்திக்கொண்டு இணையத்துக்குப் போனது. 2022 செப்டம்பர் 30-ம் தேதி, அந்த இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' மணிரத்னம் படமாகத் தியேட்டருக்கு வந்தது. பெட்டிக்கடையில் பத்திரிகை இல்லை, கதைக்கு மட்டும் டிக்கெட் கிடைக்கவில்லை.

அப்போ நல்ல கதை எந்த வியாபார ஊடகத்தையும் தாண்டிவிடுமா? அவ்வளவு சுலபமில்லை.

வியாபாரம் என்ன செய்தது?

கல்கி இதழே காசு போட்டு நடத்திய தொழில்தான். 1941-ல் கல்கியும் சதாசிவமும் அதைத் தொடங்க, 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமி நாரதராக நடித்துச் சம்பாதித்த பணம் கைகொடுத்தது. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வாராவாரம் தொடர் வந்தது. வாசகர் அடுத்த வாரமும் காசு கொடுத்து வாங்கணும். அதனால்தான் வந்தியத்தேவன் அடிக்கடி ஏதாவது ஒரு ஆபத்தில் மாட்டி நிற்க, அத்தியாயம் முடிகிறது. இன்றைக்கும் நம்மைப் பக்கம் புரட்ட வைக்கும் அந்த உத்தி, விற்பனைக்காக வந்ததுதான். இதைச் சொன்னால் கல்கி ரசிகர்கள் கோபிக்கலாம்!

பிறகு எப்படித் தாண்டியது?

முதலில், வாசகர்களால். மணியம் ஓவியங்களோடு வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் செய்து வைத்தார்கள். பின்பக்க விளம்பரங்களும் சேர்ந்தே பைண்ட் ஆகின. இதழை வாங்கிய வீட்டில் கதையும் தங்கிவிட்டது. அத்தைகிட்ட இருந்து சித்திக்கு, அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கு என்று கைமாறியது.

அடுத்து, அரசு. நூற்றாண்டை ஒட்டி 1999-ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகின. அதன்பின் எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம். அதனால்தான் புத்தகக் கண்காட்சியில் மலிவுப் பதிப்பும் இருக்கு, கெட்டி அட்டைப் பதிப்பும் இருக்கு. மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் ஐந்து பாகமும் இலவசம். கதையின் வலிமை என்று மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

ஓடிடியில் என்ன சிக்கல்?

'கிரேட்டர்' என்று ஒரு படம். டிஸ்னி பிளஸ் தளத்தில் 2023 மே 12-ல் வெளியானது. ஜூன் 30-ல் தூக்கிவிட்டார்கள். ஏழே வாரம்! 'வில்லோ' தொடர் உட்பட டஜன் கணக்கான படைப்புகளை அந்த ஆண்டு டிஸ்னி நீக்கியது. செலவைக் குறைக்கும் கணக்கு அது. 'கிரேட்டர்' பிறகு டிஜிட்டல் கடைகளில் விலைக்கு வந்தது, அதுவும் நிறுவனம் மனசு வைத்ததால்.

சந்தா கட்டுகிறவருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும்தான். கிழித்து பைண்ட் பண்ண ஒண்ணும் இல்லை. போனில் டவுன்லோடு செய்தாலும் சந்தா முடிந்தால் ஓடாது.

சட்டம் காப்பாற்றுமா என்றால், இந்தியாவில் எழுத்துக்கு ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை. படத்துக்கு வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. 2023-ல் வந்த வெப் சீரிஸ் 2083 முடியும்போதுதான் பொதுவுக்கு வரும். அதுவரை ஃபைலை வைத்திருப்பதா, அழிப்பதா என்பது உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் கையில்.