கடைசி ஓவருக்கு ஒரு கட்டம்

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில், முடிவு நேரத்தில் வந்து பந்தெறிந்து, தன் அணியின் சொற்ப முன்னிலையைக் காத்துக் கொடுப்பவருக்குச் 'சேவ்' என்று தனிக் கணக்கு உண்டு. ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற பத்திரிகையாளர் வகுத்த இக்கணக்கு 1969இல் அதிகாரபூர்வமாயிற்று. மூன்று ஓட்ட முன்னிலையோடு வந்து ஒரே இன்னிங்ஸ் வீசினாலும் சேவ் கிடைத்துவிடுகிறதே, மலிவான கணக்கு என்பாரும் உண்டு. இருக்கட்டும். 652 சேவ்கள் பெற்ற மரியானோ ரிவேராவை 2019இல் வாக்காளர் அனைவரும் ஒருமனதாகப் புகழ் மண்டபத்திற்குத் தேர்ந்தெடுத்தார்களே!

நம் கிரிக்கெட்டில் என்ன நிலை? 2007 இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டம். கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ஓட்டங்கள் தேவை. கையில் ஒரே விக்கெட். ஜோகிந்தர் சர்மா மிஸ்பாவை வீழ்த்திக் கோப்பையை வாங்கித் தந்தார். ஏட்டில் நிற்பதோ 20 ஓட்டங்களுக்கு 2 விக்கெட் என்பது மட்டுமே. இந்தியாவுக்காக அதற்குப்பின் அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

ஒரகடத்தில் தொழிற்சாலை செல்லும் என் அண்ணன் 'ரிலீவர்'. யார் லைனை விட்டு நகர்ந்தாலும் அந்த இடத்தில் நிற்பவர். அன்றைய உற்பத்தி எண்ணிக்கையோ இடத்துக்குரியவர் பெயரில்தான் ஏறும். ஞாயிறன்று எங்கள் டென்னிஸ் பந்து ஆட்டத்திலும் கடைசி ஓவர் அவருக்கே. பரிசு மட்டும் மட்டை பிடித்தவருக்கு!

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி மிதித்தவன் என்பதால் அணியின் ஸ்கோர் நோட்டு என் பொறுப்பு. அதில் 'காத்தது' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். நம் கல்லூரி அணியின் ஏட்டிலும் போடலாமே?