ஓட்டுநர் இல்லாத ரயிலும் ஆள் இறங்கும் சாக்கடையும்

2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கைகளை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. கோவையின் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தொடவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2011-க்குப் பிறகு கணக்கெடுப்பே நடத்தாதவர்கள் 2011 கணக்கைக் காட்டுகிறார்கள். ஏறத்தாழ அதே மக்கள்தொகை கொண்ட ஆக்ராவில் 2024 முதல் மெட்ரோ ஓடுகிறது. இது ஓரவஞ்சனை, கண்டிக்கிறோம். ரயில் வேண்டும் என்பதிலும் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் எப்படிப்பட்ட ரயில், யாருக்கான ரயில் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு தோழர்களே.

இனி வரும் மெட்ரோக்கள் பெரும்பாலும் ஓட்டுநர் இல்லாதவை. கோலாலம்பூரில் 1998-லிருந்தும், சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் 1999-லிருந்தும் ஆளில்லா இலகு ரயில் ஓடுகிறது. டெல்லியில் 2020 டிசம்பரில் வந்தது. சென்னை இரண்டாம் கட்டத்துக்கும் அத்தகைய ரயில்கள்தான். ரயில், தான் இருக்கும் இடத்தை நொடிக்கு நொடி கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். முன்னே போகும் ரயிலுக்கும் தனக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைக் கணினி தீர்மானிக்கும். நல்ல தொழில்நுட்பம்தான். அதிலும் மனிதக் கை ஒழிந்துவிடவில்லை. 2021 மே 24 அன்று கோலாலம்பூர் சுரங்கப் பாதையில் இரண்டு ரயில்கள் மோதி 213 பேர் காயமடைந்தார்கள். மோதியவற்றில் ஒன்று, பயணிகள் இல்லாமல் ஒரு ஊழியர் கையால் ஓட்டி வந்த ரயில்.

ஓட்டுநரின் வேலையை இயந்திரத்திடம் கொடுக்க நாற்பது ஆண்டுகளாக உலகம் முழுக்கக் கோடிகளைக் கொட்டி ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். மலக்குழியில் இறங்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்க யாருக்கு அவசரம் இருந்தது? திருவனந்தபுரத்தில் இளைஞர்கள் செய்த சாக்கடை ரோபோ 2018-ல்தான் வந்தது. கோவை மாநகராட்சியும் அத்தகைய இயந்திரங்களை வாங்கியது. வாங்கியதை வைத்துப் படமும் எடுத்தாயிற்று. தனியார் கட்டிடத்துக் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டால் இன்றைக்கும் தேடுவது ஆளைத்தான். அந்த ஆள் எந்தச் சாதி என்று கொங்கு நாட்டில் விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு விசித்திரம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மனிதர்களைச் சாக்கடையில் இறக்குவதை முழுவதுமாக நிறுத்தச் சொல்லி டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களுக்கு உத்தரவிட்டது. நாடு முழுமைக்கும் 2013-ன் தடைச் சட்டம் இருந்தும் இப்படி ஒரு உத்தரவு தேவைப்பட்டது. அந்தப் பட்டியலில் கோவை இல்லை. ரயிலுக்கும் பெருநகரம் இல்லை, சாக்கடைக்கும் பெருநகரம் இல்லை. முதலாவதற்காகத் தலையங்கங்கள் வந்தன. இரண்டாவதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

ஆர்.எஸ்.புரத்துக்கு வாருங்கள். ஸ்மார்ட் சிட்டி பணத்தில் டி.பி. ரோட்டுக்கு அழகான நடைபாதை வந்தது. கார்களை அடுக்கி வைக்க அடுக்குமாடியும் வந்தது. அதே திட்டத்தின் பெயரில், பக்கத்து முத்தண்ணன் குளக்கரையில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி குடியிருப்புகளுக்குத் தூக்கிப் போடப்பட்டன. நடந்து வேலைக்கு வந்தவர்களுக்கு இப்போது பேருந்துதான் கதி. பெண்களுக்கு 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. அது பெரிய ஆறுதல். மெட்ரோவில் அந்தச் சலுகை இல்லை. திட்டமிட்ட இரண்டு வழித்தடங்களும் அவிநாசி சாலையிலும் சத்தி சாலையிலும் போகின்றன. மலுமிச்சம்பட்டி இருப்பது பொள்ளாச்சி சாலையில்.

வேலைவாய்ப்பையும் பாருங்கள். சென்னை இரண்டாம் கட்டத்தை இயக்கிப் பராமரிக்கும் பொறுப்பு 12 ஆண்டுகளுக்கு டெல்லி மெட்ரோவிடம் ஒப்பந்தமாகப் போயிருக்கிறது. ஓட்டுநர் பணியிடம் கணினிக்கு. மிச்சமிருக்கும் நிலையம் துடைக்கும் வேலையும் காவல் வேலையும் ஒப்பந்தக்காரரிடம். 2009-ல் போராடிப் பெற்ற அருந்ததியர் 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஒப்பந்த வேலைக்குள் அது எப்படி நுழையும்? கோவை ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், 2022 அக்டோபரில் பணி நிரந்தரமும் உரிய கூலியும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள், இதற்குப் பதில் சொல்வார்கள்.

கோவை மெட்ரோ அறிக்கையைத் திருத்தி மறுபடி அனுப்பப் போகிறார்கள் என்றால், தமிழ்நாடு அரசு அதில் சேர்க்க வேண்டியவை இருக்கின்றன. நிலையங்களின் துப்புரவு, பராமரிப்புப் பணிகள் இட ஒதுக்கீட்டுடன் நிரந்தரப் பணிகளாக வேண்டும். கட்டுமானத்தின்போது சாக்கடைக் குழாய்களை மாற்றிப் போடும் இடங்களில் ஒரு ஆளும் உள்ளே இறக்கப்படக் கூடாது என்பது ஒப்பந்த நிபந்தனையாக வேண்டும், மீறினால் ஒப்பந்தக்காரர் மீது வழக்கு. மலுமிச்சம்பட்டியிலிருந்தும் கீரணத்தத்திலிருந்தும் விடியற்காலை 5 மணிக்கே ஆர்.எஸ்.புரத்துக்குக் கட்டணமில்லா நகரப் பேருந்து வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.