சிறு பிழையும் கற்போர் கடமையும்

பெரியோர் எழுதியவற்றிற் பிழை கூறுதல் நமக்கு அடாத செயலென்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியிருக்கின்றது. அடக்கம் நற்குணமே, ஆயினும், கண்ட பிழையைக் கூறாது விடுத்தல் அடக்கமாகாது என்பதே எம் கருத்து. கணிப்பொறிக்குக் கட்டளையிடும் நிரல்மொழிகளைப் பயில்வோர்க்கு இது பெரிதும் பொருந்தும்.

ஓர் உதாரணம் காண்போம். பைத்தான் என்னும் நிரல்மொழி 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்கண் ‘ரேஞ்ச்’ என்னுங் கட்டளைக்கு 1, 11 என்னும் எண்களைக் கொடுத்தால், அது 1 முதல் 10 முடியவே எண்ணும். 11 அதிற் சேராது. இதனை விளக்கும் குறிப்பொன்றில், இறுதி எண்ணும் சேருமென்று தவறாக எழுதப்பட்டுவிட்டதெனக் கொள்வோம். வல்லுநர் உண்மையை முன்னரே அறிந்தவராதலின், அவ்வரியைக் கருதாது கடந்துசெல்வர். புதிதாய்க் கற்போரோ அதனை நம்பி 1, 10 என எழுதிப் பத்து மாணவரின் மதிப்பெண்களைக் கூட்டப் புகுவர். ஒன்பதின்மர் மதிப்பெண்களே கூடிவரும். பொறி யாதொரு குறையுங் கூறாது. விடை மாத்திரம் தவறாகும். அவர் தம் அறிவையே நொந்துகொள்வர். ஆகவே, இத்தகைய பிழை வல்லுநர் கண்ணினும் கற்போர் காலிலேயே முள்ளாய்த் தைக்கின்றது. தைத்தவரே அதனை எடுத்தெறிதல் வேண்டும். இன்றேல் பின்வருவோர்க்கும் அது தைக்குமன்றோ?

நூலாசிரியர் சினப்பரோ என அஞ்சவேண்டா. டானல்ட் கனூத் என்னும் அமெரிக்க அறிஞர், நிரலாக்கக் கலையைப்பற்றிய தம் பெருநூலின் முதற்பகுதியை 1968-இல் வெளியிட்டார். அதிற் புதிதாகப் பிழை கண்டு அறிவிப்போர்க்கு, அது அச்சுப்பிழையேயாயினும், 2 டாலர் 56 சென்ட் பரிசளித்து வந்தார். பெற்றோர் பலர் அக்காசோலையைப் பணமாக்காது போற்றி வைத்தனர். 2008-இல் காசோலைக்கு ஈடாகச் சான்றிதழ் அனுப்பத் தொடங்கினார். பிழை கூறினாரைப் பகைவராகவன்றி உடனுழைப்பாளராகக் கருதிய பெருந்தகைமை இது. நம் தமிழ் நூல்களின் இறுதியிலும் ‘பிழை திருத்தம்’ என்னும் பக்கம் இருந்ததுண்டு; அதனை எவரும் இழிவெனக் கொண்டதில்லை.

பைத்தான் மொழியின் விளக்கக்குறிப்புகளுக்குத் திருத்தம் அனுப்பும் உரிமை இன்று யாவர்க்கும் உண்டு. ஆனால் உரிமையோடு பொறுப்பும் வேண்டும். குறிப்புத் தவறோ, தம் புரிதல் தவறோ என்பதை முதலிற் பொறியிலே சோதித்தறிக. எந்தப் பதிப்பு, எந்த இடம், உள்ள பாடம் யாது, இருக்கவேண்டிய பாடம் யாது என்பவற்றைச் சுருக்கமாய், பணிவோடு எழுதுக. திருத்தம் ஒரு சொல்லேயாயினும், முகமறியாத மாணவர் ஒருவரின் இரவுழைப்பு அதனால் வீணாகாதொழியும்.