பேருக்குத்தான் ஒயின் ஷாப்



போன வாரம் நான் போட்ட திராட்சைத் தோட்டப் படத்துக்கு வந்த பதில்களை எல்லாம் படித்தேன். கம்பம் பக்கம் காமயகவுண்டன்பட்டியில் இருக்கும் என் சம்பந்தி வீட்டுத் தோட்டம் அது. படத்துக்குக் கீழே, "இந்தப் பழத்தில் இவர்களே ஒயின் செய்து விற்க அரசு அனுமதித்தால் என்ன?" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். "டீச்சர், நீங்களா இப்படி?" என்று ஆவடியில் என்னிடம் ஏழாவது படித்தவன் கேட்கிறான். "பெரியம்மா அக்கவுண்ட்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று தங்கை மகன் கேலி செய்கிறான். "பொண்ணு குடுத்த இடம் சாராயம் காய்ச்சுற இடமா?" என்று கேட்ட உறவினர் பெயரை இங்கே சொல்லவில்லை, அவருக்கே தெரியும். தனித்தனியாகப் பதில் எழுதக் கண் ஒத்துழைக்காது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

குடி என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். திங்கட்கிழமை காலை முதல் பீரியடில் பெஞ்சில் தலை வைத்துத் தூங்கும் பிள்ளையை எழுப்பிக் கேட்டால், "ராத்திரி அப்பா சண்டை டீச்சர்" என்று சொல்லும். வருடத்துக்கு ஐந்தாறு பிள்ளைகளாவது அப்படி இருந்தார்கள். அவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒயின் இதயத்துக்கு நல்லது என்று வரும் வாட்ஸ்அப் செய்தியையும் நான் நம்புவதில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது. ஒயின் குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு.

அம்பத்தூர் ஓ.டி.யில் வழி கேட்டாலும் பூந்தமல்லியில் வழி கேட்டாலும், "ஒயின் ஷாப் தாண்டி லெஃப்ட்" என்றுதான் சொல்கிறோம். அந்தக் கடையில் ஒயினை யார் வாங்குகிறார்கள்? பிராந்தி, ரம், விஸ்கி, பீர், இவைதான் போகின்றன. பிராந்தி என்ற சொல்லுக்கே திராட்சை ரசத்தைக் காய்ச்சி வடித்தது என்றுதான் பொருள். நம் ஊர் மலிவு பிராந்தியில் பெரும்பாலும் இருப்பது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் எடுத்த ஸ்பிரிட்டும் நிறமும் மணமும்தான். திராட்சையின் பெயரைக் கடைக்கு வைத்தோம், மதுவுக்கு வைத்தோம். திராட்சைக்காரனை மட்டும் வெளியே நிறுத்திவிட்டோம்.

டாஸ்மாக் 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடியபோது மீதம் இருந்தவை 4,829. 2023-24இல் அரசுக்கு இதில் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவும் நடக்கும்போது யாருக்கும் தலை குனியவில்லையாம், ஒரு குடியானவன் தன் பந்தலில் காய்த்ததைப் பிழிந்து புட்டியில் அடைத்தால்தான் தமிழ்ப் பண்பாடு கெட்டுவிடுமாம்!

அந்தத் தோட்டத்தை ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். ஒன்றரை ஏக்கர். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தல். உள்ளே போனால் வெயில் தெரியாது. கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பன்னீர் திராட்சை தொங்கும். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள். வெளிநாட்டில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். கவாத்து செய்த நாளிலிருந்து சுமார் 4 மாதத்தில் அறுவடை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதம் கவாத்து செய்வதால் கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்கப் பழம் உண்டு. உலகத்தில் அதிக இடங்களில் இப்படிக் கிடையாது.

சம்பந்தி அம்மா மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டிருந்தார். போர்டோ கலவை. போர்டோ என்பது பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன ஊர். சாலையோரக் கொடிகளில் பழம் திருடுகிறவர்களை விரட்ட அங்கே இந்த நீலக் கரைசலைத் தெளித்தார்கள். தெளித்த கொடிக்கு நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்து, 1885இல் உலகத்துக்குச் சொன்னார். (அறிவியல் பாடத்தில் இதை வைத்திருந்தால் ஒரு பிள்ளையும் தூங்கியிருக்காது.) ஒயின்காரன் கண்டுபிடித்த மருந்து நமக்கு ஆகும், ஒயின்காரனுக்குக் கிடைக்கும் விலை மட்டும் ஆகாது.

விலையைக் கேளுங்கள். பன்னீருக்குத் தோல் மெல்லிசு. பழுத்த பிறகு காத்திருக்காது. ஒரு மழை பெய்தால் வெடித்துவிடும். இது வியாபாரிக்கும் தெரியும். போன தடவை மழைக்கு மறுநாள் கிலோ 15 ரூபாய் என்று கேட்டார்கள், கொடுத்தார்கள். அதே வாரம் அம்பத்தூரில் தள்ளுவண்டியில் நான் 80 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வந்தது, கொண்டாடினோம். வியாபாரி இன்னும் எடையைத்தான் பார்க்கிறார், குறியீட்டைப் பார்ப்பதில்லை.

இதற்கு மருந்தாக "தேனியில் ஒயின் ஆலை" என்று பல வருடமாக ஒரு கோரிக்கை இருக்கிறது. என்னை ஆதரித்து எழுதிய சிலரும் அதையே சொன்னீர்கள். உங்களோடும் எனக்குச் சண்டைதான். பெரிய ஆலை வந்தால் என்ன நடக்கும்? நல்ல கொத்து சந்தைக்குப் போகும். வெடித்தது, உதிர்ந்தது எல்லாம் ஆலைக்குப் போகும், ஆலை சொல்வதுதான் விலை. சர்க்கரை ஆலை வாசலில் பாக்கிக்கு நின்ற கரும்பு விவசாயியைக் கேட்டுப் பாருங்கள்.

நல்ல ஒயின் கழிவுப் பழத்தில் வராது. கொத்துகளைக் குறைத்து, இனிப்பு ஏறும்வரை கொடியிலேயே விட்டு, பொறுத்திருந்து பறிக்க வேண்டும். மகசூல் குறையும். கிலோவுக்கு விற்கிறவன் அதை ஏன் செய்வான்? புட்டியும் தன்னுடையது என்றால் செய்வான். பன்னீர் சாப்பிடுகிற பழம், ஒயினுக்கு ஆகாது என்று ஒருவர் எழுதியிருந்தார். சாப்பிடுகிற பழம் என்பது சரி. ஆனால் கிரேக்க நாட்டில் திர்னாவோஸ் பகுதியில் இதே மஸ்கட் ஹாம்பர்கில் ஒயின் செய்கிறார்கள். நம் ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிறு விவசாயிக்கு எந்த ரகம், எவ்வளவு இனிப்பு, எப்படிப் புளிக்க வைப்பது என்று சொல்லிக்கொடுக்க வேறெங்கும் தேட வேண்டாம்.

பெங்களூர் பக்கம் நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் 1988இல் தோட்டம் தொடங்கினார், 1992இல் முதல் ஒயின் வந்தது. பிறகு மகன் கபில், அடுத்து பேத்தி கரிஷ்மா என்று மூன்று தலைமுறை. அவர் பணமுள்ள வணிகர், ஒன்றரை ஏக்கர்காரர் அல்ல என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சட்டத்தின் துணை வேண்டும் என்கிறேன். மகாராஷ்டிரம் 2001இலும் கர்நாடகம் 2007இலும் திராட்சை ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தன. நமக்கு அண்டை மாநிலங்களைப் பார்க்க மனமில்லை. கம்பத்திலிருந்து குமுளி ஏறினால் கேரளம், அங்கே கள்ளுக்கடை இருக்கிறது. இங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. சொந்த மரத்துக் கள் குற்றம், ஆலை ஸ்பிரிட் அரசாங்கச் சரக்கு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சொந்தத் தோட்டத்துப் பழத்தை மட்டும், நிலத்தின் அளவுக்கேற்ற லிட்டர் கணக்கில், பிழிந்து விற்கக் குறைந்த கட்டணத்தில் உரிமம். ஒரு குடும்பத்தால் முடியாவிட்டால் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு கூடம். தோட்டத்து வாசலிலும் விற்கலாம். புதிதாக ஒரு கடைகூட வேண்டாம், இருக்கிற கடைகளை இன்னும் மூடினால் எனக்குச் சந்தோஷம். சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் என்று மகாராஷ்டிரம் 2022இல் முடிவெடுத்து எதிர்ப்பில் சிக்கியதே, அதையும் நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் தம்பி பட்டறையில் கான்ட்ராக்ட் வேலைக்காக அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. தோட்டத்தில் இப்போது இருப்பது வயதான இரண்டு பேர். தை கழிந்ததும் பந்தலைப் பிரித்துக் கல்தூணை விற்றுவிட்டுத் தென்னை வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. தூணுக்கு விலை பேச ஆள் வந்து பார்த்தும் போயிற்று. என்னோடு வாதாட வேண்டும் என்கிறவர்கள் அதற்குள் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், ஒற்றுப்பிழை இல்லாமல்.