யந்திரம் கண்ட முகம்

பெட்ரோல் நிலையத்துக் காமிராவில் நள்ளிரவில் பதிவான மங்கலான படம் ஒன்றைத் திரையில் நிறுத்தி, பக்கத்தில் நிற்கும் அதிகாரி ‘இன்னும் பெரிதாக்கு’ என்று ஆணையிட, நாலு தட்டுத் தட்டியதும், காரின் எண் மட்டுமின்றி, காரோட்டியின் கண்மணியில் பிரதிபலித்த கொலைகாரனின் முகமும் பளிச்சென்று புலப்படுகிற காட்சியைத் தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களில் பார்த்திராதவர்கள் சொற்பமே. பார்த்தவர்களில் பலர் அதைச் சாஸ்திரம் என்றே நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

இந்த வித்தையின் பூர்வீகம் விஞ்ஞானக் கற்பனை. 1982-இல் ரிட்லி ஸ்காட் இயக்கி வெளிவந்த ‘பிளேடு ரன்னர்’ திரைப்படத்தில், நாயகன் டெக்கார்டு ஒரு புகைப்படத்தை யந்திரத்தில் செருகி, வாய்மொழியாலேயே அதை இடமும் வலமுமாக நகர்த்தி, படத்துக்குள் இருக்கும் ஒரு நிலைக்கண்ணாடியின் துணையால், நேர்ப்பார்வைக்கு எட்டாத இடத்தில் படுத்திருக்கும் பெண்ணைக் கண்டுகொள்கிறான். கதை 2019-ஆம் ஆண்டில் நடப்பதாகத் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டிவிடுவதால், செயற்கை மனிதர் உலவும் அவ்வுலகில் இப்படியும் ஒரு யந்திரம் இருக்கட்டும் என்று நாம் மனமுவந்து ஒப்புகிறோம். படைத்தவர் நம்மை ஏமாற்றவில்லை, நாமும் ஏமாறவில்லை. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் நடந்த ‘சி.எஸ்.ஐ.’ தொடரும் அதன் அடியொற்றி வந்தவையும், அதே யந்திரத்தை எடுத்து, வருங்காலத்தது என்ற அடையாளத்தை மட்டும் அழித்துவிட்டு, இன்றைய நகரத்துப் போலீஸ் ஆய்வுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தன. கற்பனை, கற்பனை என்ற பெயரை இழந்தது அங்கேதான்.

கண்ணெதிரே நெருப்பைக் காண்பது பிரத்தியட்சம் என்றும், மலைமேல் புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று கொள்வது அநுமானம் என்றும் நம் தர்க்க சாஸ்திரம் வெகு காலத்துக்கு முன்பே வகுத்து வைத்திருக்கிறது. ஒரு முகத்தைக் காமிரா இருபது புள்ளி அகலத்தில் பதிவு செய்திருக்குமானால், அம்முகத்தைப் பற்றி அது பிரத்தியட்சமாக அறிந்தது அவ்வளவே. பத்து மடங்கு பெரிதாக்கினால் புள்ளிகள் பெரிதாகுமே ஒழிய, பதிவாகாத மச்சமும் தழும்பும் புதிதாக முளைத்துவிடமாட்டா. அசையும் படத்தின் பல சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சிறிது தெளிவு பெறும் முறைகள் மெய்யாகவே உண்டு. ஆனால் இல்லாத விவரத்தை இட்டு நிரப்புகிற மென்பொருள்களோ, ஏராளமான பிற முகங்களைப் பார்த்துப் பழகி, ‘இப்படி இருக்கலாம்’ என்று அநுமானித்து வரைந்து தருபவை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ‘பல்ஸ்’ என்னும் அத்தகைய மென்பொருளிடம் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் தெள்ளத் தெளிவாக வரைந்து நீட்டிற்று. ஆளை அடையாளம் காண அதைப் பயன்படுத்தலாகாது என்று ஆக்கியோரே சொல்லியிருந்தார்கள் என்பது வேறு விஷயம். உலகமறிந்த முகமாதலால் அங்கே பிழை உடனே வெளிப்பட்டது. ஊரறியாத ஓர் ஏழையின் முகமாக இருந்து, அது நியாயஸ்தலத்தில் சாட்சியமாக வந்து நின்றிருந்தால், மறுத்துச் சொல்ல அவனுக்கு யார் இருந்திருப்பார்கள்?

2006-இல் மிச்சிகன் மாநிலத்து நீதிபதி ஒருவர் ஏறத்தாழ 1,000 ஜூரிகளை விசாரித்ததில், எந்தக் குற்ற வழக்கிலும் ஏதேனும் விஞ்ஞானச் சான்று இருந்தே தீரவேண்டும் என்று 46 சதவீதத்தினர் எதிர்பார்த்தனர்; இதற்குத் தொலைக்காட்சித் தொடர்களே காரணம் என்று அவர் துணிந்து சொல்லவில்லை என்பதையும் நான் மறைக்கலாகாது. ஆனால் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகம் 2009-இல் வெளியிட்ட அறிக்கையோ, மரபணுச் சோதனை ஒன்று நீங்கலாக, ஒரு தடயம் இன்ன மனிதனுடையதே என்று மாறாத உறுதியுடன் காட்டவல்லதாகத் தடயவியலின் எந்த முறையும் கண்டிப்பாக நிரூபிக்கப்படவில்லை என்று கூறிற்று. திரையில் ஒருபோதும் தவறாத சோதனைகள் பலவற்றின் மெய்யான நிலைமை அது. ஜூரிகளே இல்லாத நம் நாட்டிலும், மருந்தை ஊசியில் ஏற்றி உண்மையைக் கறந்துவிடலாம் என்ற நம்பிக்கை புலனாய்வாளரிடையே குடியேறியிருந்தது. சம்மதமின்றி எவருக்கும் அத்தகைய சோதனையை நடத்தலாகாது என்று 2010 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று.

விஞ்ஞானக் கற்பனை துப்பறியும் கதைக்குள் வரலாகாது என்பது என் கட்சியன்று. பி.பி.சி. 2006-இல் ஒளிபரப்பிய ‘லைஃப் ஆன் மார்ஸ்’ தொடரில், விபத்தில் அடிபட்ட மான்செஸ்டர் போலீஸ் அதிகாரி ஒருவர் 1973-இல் கண்விழித்து, தமக்கு நேர்ந்தது காலப் பிரயாணமோ பித்தோ என்று திகைக்கிறார். மரபணுச் சோதனையும், போலீஸ் நிலையத்தில் கணினியும் இல்லாத அக்காலத்தில், வீடு வீடாகக் கதவைத் தட்டி, மனிதர்களின் பேச்சைக் கேட்டே அவர் துப்புத் துலக்க வேண்டியிருக்கிறது. அதிசய யந்திரத்தைக் கொடுப்பதற்கு மாறாக, இருந்ததையும் பறித்துக்கொள்கிற அக்கற்பனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதற்கு வெகுநாள் முன்பே, நெருக்கடி வந்தபோதெல்லாம் புதிய யந்திரமொன்றைப் படைத்து முடிச்சை அவிழ்த்துவிடலாமாகையால் இவ்விரு வகைக் கதைகளும் ஒன்றுசேரா என்று பத்திரிகாசிரியர் ஜான் கேம்பல் வாதித்தார். அதை மறுக்கவே ஐசக் அசிமோவ் எழுதிய ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ 1954-இல் நூலாக வந்தது. மனிதரோடு மனிதராய் நடமாடும் யந்திர மனிதன் துணைக்கிருந்தும், அந்நாவலில் கொலையின் மர்மம் அவிழ்வது, கதையின் தொடக்கத்திலேயே நம் காதில் போடப்பட்டு நாம் பொருட்படுத்தாது கடந்துவிட்ட, உடைந்த ஒரு மூக்குக்கண்ணாடியால்.