அறுநூற்று அறுபத்தாறும் அடையாள அட்டையும்



கடந்த வாரம் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் என் மேசையருகே வந்து நின்றான். வாய் ஓயாத பிள்ளை. அன்று வாய் திறக்கவில்லை. இருமுறை கேட்ட பிறகே சொன்னான். அடுத்த மாதம் அவனுக்குப் பன்னிரண்டு அகவை நிறைகிறது. மைகார்டு எடுக்க வேண்டும். அந்த அட்டையில் உள்ள சில்லுக்குள் 666 இருக்கிறதாம். அதை வாங்கியவர் நரகத்துக்குப் போவாராம். "எடுக்காம இருந்தா போலீஸ் பிடிக்குமா சார்?" என்று கேட்டான்.

விசாரித்தேன். வகுப்புப் பெற்றோரின் புலனக் குழுவில் யாரோ ஒரு காணொலியைப் பகிர்ந்திருக்கிறார். பின்னணியில் இடிமுழக்கம், திரையில் நெருப்பு, நடுவே போதகர் ஒருவரின் உரத்த குரல். விவிலியத்தின் கடைசி நூலிலிருந்து மூன்று வசனங்களை வாசித்துவிட்டு, தடுப்பூசி, வங்கி அட்டை, அடையாள அட்டை எல்லாம் விலங்கின் முத்திரையே என்கிறார். பிள்ளையின் தந்தை அதை நம்பிவிட்டார். வீட்டில் இரவுதோறும் அதுவே பேச்சு.

ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்பவன் நான். ஆகவே, இதை எழுதுவதற்காக என்னை நாத்திகன் என்று தூற்ற முனைவோர் வேறு சொல் தேடிக்கொள்ளட்டும். நான் தமிழாசிரியன். பிள்ளைகளுக்குக் கருத்துணர்தல் கற்பிப்பவன். ஒரு பனுவலைக் கையில் எடுத்தால் எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், அவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று கேட்கச் சொல்லித்தான் பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லித்தருகிறோம். அந்தப் போதகர் இக்கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. என் வகுப்பில் இப்படி விடை எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

வெளிப்படுத்தின விசேஷம் (புதிய மொழிபெயர்ப்பில் திருவெளிப்பாடு) ஒரு மடல். பத்மு தீவிலிருந்து யோவான் என்பவர், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ஏழு சபைகளுக்கு எழுதியது. எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என அவற்றின் பெயர்களை நூலே தருகிறது. விரைவில் நிகழவிருப்பவற்றைக் காட்டவே இது எழுதப்படுகிறது என்று முதல் வசனமே தெரிவிக்கிறது. பழைய ஏற்பாட்டில் தானியேலிடம், முடிவுக்காலம் வரை நூலை முத்திரையிட்டு மூடிவைக்கும்படி சொல்லப்பட்டது. யோவானிடமோ, காலம் நெருங்கிவிட்டதால் மூடாதே என்று கடைசி அதிகாரத்தில் சொல்லப்படுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். இது முதல் வாசகர்களுக்குத் திறந்தே கொடுக்கப்பட்ட நூல்.

இனி, அந்த எண்ணுக்கு வருவோம். பதின்மூன்றாம் அதிகாரத்தின் இறுதி வசனம், அறிவுடையவன் விலங்கின் எண்ணைக் கணக்குப் பார்க்கட்டும், அது ஒரு மனிதனின் எண் என்கிறது. கணக்குப் பார்க்கச் சொல்பவர், பார்க்க முடியும் என்று நம்பித்தானே சொல்வார்? சிமிர்னாவில் இருந்த ஒரு தச்சனோ துணி வணிகனோ மின்னணுச் சில்லைப் பற்றி எந்தக் கணக்கைப் பார்த்திருக்க முடியும்?

தமிழர்களாகிய நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்களாகவும் வழங்கின. நம் பழைய கணக்கிலும் 'அ' எட்டைக் குறித்தது. 'வ' காலைக் குறித்தது. ஔவையார் ஒருவரை எட்டையும் காலையும் சொல்லி ஏசிய கதையை நம் பள்ளிகளில் சொல்லாத ஆசிரியர் உண்டா? எண்ணைச் சொன்னார், கேட்டவர் எழுத்தைப் புரிந்துகொண்டார். அதே உத்திதான் இங்கும்.

நீரோ சீசர் என்னும் பெயரின் கிரேக்க வடிவத்தை எபிரேய எழுத்துகளில் எழுதிப் பார்ப்போம். நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, இது நீரோன். கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200, இது கேசர். முன்னது 306, பின்னது 360. கூட்டினால் 666. பெயரை வளைத்துச் செய்த கணக்கு என்று சிலர் மறுப்பர். ஆனால், யூதேயப் பாலைநிலத்து முராபாத் குகையில் கிடைத்த, நீரோவின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அரமேய ஆவணம் ஒன்றில் அவன் பெயர் இவ்வாறே எழுதப்பட்டுள்ளது.

இன்னொரு சான்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் அந்த எண் 666 அன்று, 616. எகிப்தின் ஆக்சிரிங்கசில் கிடைத்து, 1999-இல் பதிப்பிக்கப்பட்ட பாப்பிரசுத் துணுக்கிலும் 616 என்றே உள்ளது. ஏன் ஐம்பது குறைந்தது? நீரோன் என்பதை இலத்தீன் வழக்கப்படி நீரோ என்று எழுதினால் இறுதி நூன் விழுந்துவிடும். நூனின் மதிப்பு 50. இரண்டு எண்களுக்கும் ஒரே பெயர் விடையாகிறது. வேறு எந்தப் பெயரைப் போட்டாலும் இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதை நான் கண்டதில்லை.

நீரோ கி.பி. 54 முதல் 68 வரை ஆண்டவன். 64-இல் உரோமை நகர் எரிந்தபோது பழியைக் கிறித்தவர்மேல் சுமத்தி அவர்களைக் கொடுமையாகக் கொன்றான் என்று தாசித்தசு எழுதிவைத்திருக்கிறார். அவன் தற்கொலை செய்துகொண்ட பின்னும், மீண்டு வருவான் என்ற வதந்தி கிழக்கு மாநிலங்களில் பல ஆண்டுகள் உலவியது. அவன் பெயரில் போலிகளும் தோன்றினர். பெர்கமுவில் பேரரசனுக்குக் கோயில் இருந்தது. கடைத்தெருவில் புழங்கிய நாணயத்தில் பேரரசனின் முகம் இருந்தது. வாங்கவும் விற்கவும் முத்திரை வேண்டும் என்ற வரியை அந்த ஊரார் படித்தபோது அவர்கள் கண்முன் வந்தது இவையே.

எல்லா அறிஞரும் நீரோவை ஏற்கவில்லை. ஏழுக்கு எட்டாத குறை எண்ணே ஆறு, அதன் அடுக்கே 666 என்போரும் உளர். இனிமேல்தான் ஒருவன் வருவான் என்று நம்பும் சபைகளும் பல. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரேனேயு 616-ஐ ஒதுக்கி 666-ஐயே ஏற்றவர். அவர்கூடச் சில பெயர்களைப் பொருத்திப் பார்த்துவிட்டு, உறுதியாகச் சொல்லத் துணியலாகாது, அப்பெயர் இப்போதே வெளிப்பட வேண்டியிருந்தால் காட்சி கண்டவரே சொல்லியிருப்பார் என்று கைவிட்டார். நூல் எழுதப்பட்டு நூறாண்டுகூட நிறையாத காலத்துப் பெரியவருக்கு இருந்த அந்தத் தயக்கம் காணொலிப் போதகருக்கு ஏன் இல்லை?

சில்லுக்குள்ளும் பட்டைக்கோட்டிலும் மூன்று ஆறுகள் இருக்கின்றன என்பதும் பிழையே. கிரேக்கத்தில் இவ்வெண்ணைச் சுருக்கி எழுதினால் மூன்று வெவ்வேறு எழுத்துகள் வரும். ஒன்று அறுநூறு, ஒன்று அறுபது, ஒன்று ஆறு. நம் பழந்தமிழ் எண்களில் ௬௱௬௰௬ என்று எழுதுவது போலத்தான். மூன்று ஆறுகளை வரிசையாக நிறுத்தும் முறையே யோவானுக்குத் தெரியாது.

அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தையாவது அவர்கள் படித்திருக்கலாம். ஆட்டுக்குட்டியானவரின் அடியார்களுக்கும் நெற்றியில் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று அங்கு வருகிறது. அதையும் சில்லு என்பார்களா? கையிலும் நெற்றியிலும் இறைவார்த்தையைக் கட்டிக்கொள்ளச் சொல்லும் உபாகமத்தின் எதிரொலி இது. நீ யாருக்கு உரியவன், யாரை வணங்குகிறாய் என்பதே வினா. நன்மையின் முத்திரைக்கு உருவகம், தீமையின் முத்திரைக்கு மின்னணுக் கருவி என்று ஒரே பக்கத்தில் இரண்டு அளவுகோல் வைப்பதைப் படிப்பு என்று நான் ஒப்பமாட்டேன்.

இக்கூத்து புதியதன்று. சீர்திருத்தக் காலத்தில் போப்பாண்டவரே விலங்கு என்றனர். பிறகு நெப்போலியன், பிறகு இட்லர். பெயரின் மூன்று சொற்களிலும் ஆறு ஆறு எழுத்து இருந்ததால் அமெரிக்க அதிபர் ரீகனையும் விட்டுவைக்கவில்லை. நாள் குறித்தோர் கதை இன்னும் வேதனையானது. தானியேல் நூலின் 2300 நாளை ஆண்டுகளாக மாற்றிக் கணக்கிட்ட வில்லியம் மில்லரின் அன்பர்கள் 1844 அக்டோபர் 22-இல் விடிய விடியக் காத்திருந்து அழுதனர். தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று குறித்த இலீ சாங் இரிம், அந்நாளுக்குப் பின்னர் முதிர்வடையும் கடன்பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார்! மோசடிக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். 2011 மே 21 என்றும், பின்னர் அக்டோபர் 21 என்றும் முழங்கிய அரோல்டு காம்பிங், 2012-இல் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். அந்நாளும் நாழிகையும் எவருக்கும் தெரியாது என்று மத்தேயுவும் மாற்கும் எழுதிவைத்தது இவர்கள் விவிலியத்தில் மட்டும் அச்சாகவில்லை போலும்.

பெரியவர்கள் ஏமாறுவது அவரவர் பாடு என்று இருந்துவிடலாம். பிள்ளை விசயத்தில் அப்படி இருக்க முடியாது. இந்நாட்டில் அடையாள அட்டை 1948 முதல் இருக்கிறது. சில்லு பொருத்திய மைகார்டு 2001-இல் வந்தது. காணொலியை அனுப்பியவர் சட்டைப்பையிலும் அது இருக்கும். அதைக் காட்டித்தான் வங்கிக் கணக்கு திறந்திருப்பார். தமக்கு வராத நரகத்தை ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எப்படிச் சொந்தமாக்கினார்?

ஆசிரியர்களையும் கேட்கிறேன். அக்காணொலி குழுவில் வந்தபோது நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? சமயச் செய்தி, நமக்கேன் வம்பு என்று கடந்துபோனோம். நானும்தான். பையன் என் மேசைக்கு வரும்வரை நானும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

அன்று அவனிடம் தாளும் எழுதுகோலும் கொடுத்து அந்த ஏழு எழுத்துகளின் மதிப்பைக் கூட்டச் சொன்னேன். இரண்டு முறை கூட்டினான். விடை வந்ததும், "அந்த ராஜா செத்துட்டாரா சார்?" என்றான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான், அப்பாவிடம் காட்ட.

தந்தை நேற்றுத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இருந்தது, ஆனாலும் பேசினார். வரும் வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வருகிறார். என் விவிலியத்தையும் அந்தத் தாளையும் மேசைமேல் எடுத்துவைக்கப் போகிறேன். பையனின் பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.