மண்ணிற நகரில் வழி காணல்

‘சென்று வந்த ஊர்கள்’ என்னும் இப்பகுதியில் இத்திங்கள், அமெரிக்க நாட்டின் தென்மேற்கே நியூ மெக்சிகோ மாநிலத்தின் தலைநகராக விளங்கும் சாண்டா பே நகரைப் பற்றி எழுதப் புகுகின்றேன். நம் சங்கத்தார் பலருடைய மக்கள் அந்நாட்டில் வாழ்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் பெரும்பாலும் நியூயார்க்கையும் நயாகராவையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். எங்களுக்கோ மகனுடைய விடுமுறையின் பயனாய் இந்நகரைக் காணும் வாய்ப்புக் கிட்டிற்று.

மும்பையில் வாழும் நாம் ஒருவருக்கு வழி சொல்லுங்கால், உயர்ந்த கட்டடத்தையோ இரயில் நிலையத்தையோ திரையரங்கையோ சுட்டித்தான் சொல்லுகின்றோம். சாண்டா பேயில் இம்முறை செல்லாது. எங்கு நோக்கினும் மண்ணிறச் சுவர்கள், கூர்மையின்றி மழுங்கிய மூலைகள், தட்டைக் கூரைகள், சுவரினின்று வெளியே நீண்டு நிற்கும் உத்தரக் கட்டைகள். அங்காடியும் அவ்வண்ணமே, வங்கியும் அவ்வண்ணமே. ஏன், கார்களை நிறுத்தும் அடுக்குக் கட்டடங்கூட அவ்வண்ணமே! வைக்கோல் கலந்த மண்ணை அச்சில் வார்த்து வெயிலில் உலர்த்திய பச்சைக்கல்லே அந்நிலத்தின் பழைய கட்டுமானப் பொருள். இன்று காண்பவற்றுள் பல, சிமெண்டுப் பூச்சினால் அத்தோற்றம் பெற்றவையே. நகரம் தன் பழைய முகத்தை இழந்துவிடலாகாது என்று 1957ஆம் ஆண்டில் விதி செய்தனர். அழகுக்கு அது நன்று. வழி தேடும் அயலானுக்கு அதுவே இடர் என்பதை முதல் நாள் மாலையிலேயே உணர்ந்தேன்.

அந்நகர் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், நம் உதகமண்டலத்தை அடுத்த உயரத்தில் அமைந்துள்ளது; ஆனால் காற்று மிகவும் வறண்டது. விடுதியை அடைந்த சிறிது பொழுதில் என் மனைவிக்குத் தலைவலியும் மூச்சுத் திணறலும் கண்டன. மகன் வெளியே சென்றிருந்தான். அவளைப் படுக்கச் செய்துவிட்டு மருந்துக் கடை தேடிப் புறப்பட்டேன். மருந்து கிடைத்தது, திரும்பும் வழிதான் கிடைக்கவில்லை. அவசரத்தில் கைப்பேசியை அறையிலேயே விட்டுவிட்டேன். விடுதி இருப்பது ‘பசேயோ தெ பெரால்டா’ என்னும் தெருவில் என்பது மட்டுமே நினைவிலிருந்தது. ஒருவர் வடக்கே கைகாட்டினார். மற்றொருவர் தெற்கே காட்டினார். இருவரும் மெய்யே உரைத்தனர் என்பது பின்னர் விளங்கிற்று. அத்தெரு நகரின் நடுப்பகுதியை இலாடம்போல் வளைத்துச் செல்வது. ஒரே வாயிலை மும்முறை கடந்தேனா, மூன்று வாயில்களைக் கடந்தேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

பொழுது சாயும் வேளையில் நடுச்சதுக்கத்தை அடைந்தேன். அங்கே நீண்ட தாழ்வாரத்தில் ஒரு மூதாட்டியார் தம் வெள்ளி அணிகளைத் துணியில் பொதிந்துகொண்டிருந்தார். அவரிடம் முறையிட்டேன். தெருப்பெயரை அவர் கேட்கவேயில்லை. “வரும்பொழுது அந்தக் கற்கோவிலின் முன்புறத்தைக் கண்டீரா, பின்புறத்தையா?” என்று வினவினார். பின்புறத்தை என்றேன். “அப்படியாயின் அதனைத் தாண்டி மலையை நோக்கிச் செல்லும்” என்றார். புனித பிரான்சிஸ் பேராலயம் மண்ணிறத்துக்கு நடுவே கல்லாலானது. 1869இல் தொடங்கிய பணி. அதன் முகப்பு மேற்கு நோக்கியது. அதற்கும் கிழக்கே சாங்ரெ தெ கிறிஸ்தோ மலைத்தொடர் அந்தி ஒளியில் சிவந்து நின்றது. கால் நாழிகையில் விடுதி வாயிலில் நின்றேன். நிறைய நீர் பருகி ஓய்வு கொண்டதில் மனைவி மறுநாள் தேறினாள். அங்குச் செல்லும் முதியோர் முதல் நாளில் அதிகம் நடவாதிருப்பது நலம்.

மறுநாள் அத்தாழ்வாரத்துக்கே மூவரும் சென்றோம். அது 1610ஆம் ஆண்டளவில் எசுபானியர் எழுப்பிய ஆளுநர் மாளிகையின் முகப்பு. சதுக்கத்தின் வடபுறம் முழுவதும் அதுவே. கிழக்கே பேராலயம், வடக்கே மாளிகை என்று மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே அமையும். தாழ்வாரத்தில் கடை விரிப்போர் அந்நிலத்தின் தொல்குடியினர். தாமோ தம் வீட்டாரோ செய்த பொருள்களையே விற்கலாம். செய்தவரின் குறி அதில் இருத்தல் வேண்டும். நான் பழக்கத்தால் ஒரு மோதிரத்துக்கு விலை பேசத் தொடங்கினேன். மகன் என் கையைப் பற்றி நிறுத்தினான். செய்தவரே எதிரில் அமர்ந்திருக்கையில் பாதி விலைக்குக் கேட்ட என் நாவை நானே நொந்துகொண்டேன்.

அவர்களுடைய முன்னோர் 1680இல் கிளர்ந்தெழுந்து எசுபானியரைத் துரத்தி, பன்னிரண்டு ஆண்டுகள் இந்நகரைத் தம் கையில் வைத்திருந்தனர். 1868இல் சதுக்கத்தின் நடுவே நாட்டப்பட்ட போர் நினைவுத் தூணில் அவர்களை இழித்துரைக்கும் சொல் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. 1974இல் ஒருவர் அச்சொல்லை உளியால் செதுக்கி எடுத்தார். 2020இல் மக்கள் தூணையே சாய்த்தனர். பழைய வழிகாட்டி நூலை நம்பி அத்தூணைத் தேடுவோர் ஏமாறுவர்.

சதுக்கத்தின் தென்கிழக்கு மூலையிலிருந்து பழைய சாண்டா பே பாதையில் தெற்கே நடந்தால், நடுத்தூணின்றிச் சுழன்றேறும் மரப்படிக்கட்டால் பெயர்பெற்ற லொரெட்டோ ஆலயம் இடப்புறம் வரும். அப்பால், பெரும்பாலும் நீரற்ற ஒரு சிற்றாறு. அதைக் கடந்தால் மிகத் தொன்மையான சான் மிகுவேல் ஆலயம். சுற்றிப் பார்க்கும் வழியில் இதுவே இனியது. நகரின் பெயரைத் தாங்கிய புகழ்பெற்ற இரயில் பாதை மட்டும் ஏற்றத்துக்கு அஞ்சி நகரைத் தொடாமலே சென்றுவிட்டது. 1880இல் ஒரு கிளைப்பாதை கொண்டே ஊர்க்காரர் மனநிறைவு கொண்டனர்.

திரும்புகையில் கிழக்குப் பாலஸ் அவென்யூவில் 109ஆம் இலக்கத்தைக் காட்டினான் மகன். அணுகுண்டு செய்ய 1943 முதல் லாஸ் அலமோஸ் மலைக்கு வந்த அறிஞர்கள், செல்லுமிடம் இன்னதென்று அறியாமல் இவ்வலுவலகத்துக்கே முதலில் வந்து சேர்ந்தனராம். இங்கிருந்துதான் அவர்களை மலைக்கு அனுப்பினர். முதல் நாள் மாலை மருந்துப் பொட்டலத்துடன் நான் விரைந்து கடந்ததும் அவ்வாயிலைத்தான்.